என் வெள்ளைச் சப்பாத்தும் ஆம்பூர்த் தோலும்

ரெபேக்கா, தானியேல், இரண்டு பேரும் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். மண்டபம் முகாமில் எங்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். காய்ச்சல் இருக்கிறதா, அம்மை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கப்பலேற்றுவார்களாம். முதல் வகுப்பில் வந்தவர்களுக்கு அம்மையே வராது போலிருக்கிறது. அவர்கள் நேரே போய்விட்டார்கள். மற்றவர்கள் கொட்டகையில் கிடக்கிறோம். எனக்கு இங்கே வேலை ஒன்றும் இல்லை, கோபம் மட்டும் நிறைய இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நான் எதற்காக ஆம்பூர் போனேன் என்று உங்களுக்கு முழுசாகச் சொல்லவில்லை. கொழும்பில் நம் முதலாளியின் சரக்குக் கிட்டங்கிக்கு ஆம்பூரிலிருந்து பதனிட்ட மாட்டுத்தோல் வருகிறதல்லவா? அதைத் தரம் பிரிப்பது என் வேலை. போன மாதம் ஒரு சப்பாத்துக் கடைக்காரர் நம்மிடம் வாங்கிய தோலைத் தூக்கிக்கொண்டு வந்து முதலாளியின் மேசைமேல் போட்டார். உதறினால் வெள்ளைத் தூள் பறந்தது. தோல் எடை போட்டு விற்கிற சரக்கு. எடை கூட்டத்தான் தூள் தேய்த்திருக்கிறார்கள் என்று அவர் கத்தினார். முதலாளி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. “எல்லாம் ஆம்பூர்க்காரன் வேலை” என்றார். அன்றைக்கே ஆம்பூருக்கு எழுதிப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். “நீ அந்தப் பக்கத்து ஆள்தானே? போய்க் கள்ளனைப் பிடித்து, அவன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்துவிட்டு வா.”

அந்தத் தோலை ஆம்பூரில் எண்ணெய் பூசி, மடித்து, கட்டு கட்டி, முத்திரை வைத்து அனுப்புகிற மேஸ்திரி யார்? உங்கள் யாக்கோபு மாமா. என் தங்கை எலிசம்மாவின் புருஷன். இது முதலாளிக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேறு ஆளை அனுப்பியிருப்பார்.

புறப்படுகிற அன்று காலையில் ரெபேக்கா என் கான்வாஸ் சப்பாத்துக்கு வெள்ளை குழைத்துப் பூசி, வெயிலில் காயவைத்து, கொக்கு மாதிரி ஆக்கிக் கொடுத்தாள். “அழுக்காக்காமக் கொண்டு வரணும் அப்பா” என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். எந்த ஊருக்குப் போகிறேன் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

அரக்கோணத்தில் வண்டி மாற வேண்டியிருந்தது. அங்கே விற்கிற காப்பியைக் குடித்துப் பார்த்தேன். நம் கொழும்புத் தேத்தண்ணீருக்கு முன்னால் அது கழுவின தண்ணீர். ஆனால் வடை சூடாக இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர் சிரித்த முகமாக, “எந்த ஊருக்கு சார்?” என்று கேட்டார். ஆம்பூர் என்றேன்.

“ஆம்பூரா? அப்ப மூக்கக் கழட்டி இங்கியே ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட குடுத்துட்டுப் போ சார். திரும்பி வர்றப்ப வாங்கிக்கலாம்.”

பெட்டி முழுக்கச் சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “உங்கள் காலில் என்ன போட்டிருக்கிறீர்கள்?” என்று கேட்டேன். அவர் காலைத் தூக்கிக் காட்டினார். நல்ல தோல் செருப்பு. “அது மட்டும் மல்லிகைப் பூவா?” என்றேன். அதற்கும் பெட்டி சிரித்தது, அவரும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் பின்பக்கம் இரண்டு வியாபாரிகள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்குத் தெலுங்கு புரியாது என்று நினைத்திருப்பார்கள். பேரணாம்பட்டில் பிறந்தவனுக்கு அது புரியாமல் இருக்குமா? “ஆம்பூரில் தோலுக்குச் சுண்ணாம்பு தேய்த்து எடை கூட்டுகிறார்களாம். கொழும்பிலிருந்து விசாரிக்க ஆள் வருகிறானாம்” என்றார் ஒருவர். “யார் தேய்த்ததாம்?” என்றார் மற்றவர். “யாரோ மேஸ்திரி. திருட்டுப் பயல்.”

பார்த்தீர்களா பிள்ளைகளே? நான் போய்ச் சேருவதற்கு முன்பே உங்கள் மாமா அரக்கோணம் வரைக்கும் திருடனாகிவிட்டார்.

ஆம்பூரில் இறங்கியதும் அந்த வாசனை வந்தது. பச்சைத் தோல், சுண்ணாம்பு, ஊறின ஆவாரம்பட்டை எல்லாம் கலந்த வாசனை. பொய் சொல்லமாட்டேன், அது நாற்றம்தான். ஆனால் உழைக்கிற நாற்றம். ஜட்கா வண்டிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இன்னா சார், நேரா கப்பல்லர்ந்து குதிச்சியா? ஜோடு பளபளங்குது!” என்றார். கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். தோல் பதனிடுகிற டேனரித் தண்ணீர் ஓடுகிற கால்வாயில் ஒரு சக்கரம் இறங்கிவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? ரெபேக்காவுக்குக் கொடுத்த வாக்குக்காகச் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு அந்தச் செந்தண்ணீரில் இறங்கினேன். “ஜோட்ட தலைல வச்சுக்கோ சார், கைல வச்சா ஜலதோஷம் புடிக்கும் அதுக்கு!” என்று பட்டைக் கூடை சுமந்து போன ஒரு பெண் சொல்லிவிட்டுப் போனாள்.

எலிசம்மா அத்தை எனக்குக் களி கிண்டி, கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். “இடியாப்பம் துன்ற வாய்க்கு களி எறங்குமா அண்ணே?” என்று கேலி செய்தாள். இறங்கியது, இரண்டாம் தரமும் இறங்கியது. மாமா சாப்பிடவில்லை. உருண்டையைத் தட்டில் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

“மச்சான், நீ யார் பக்கமா வந்திருக்கிற? அத்த மொதல்ல சொல்லிடு.”

“மாப்ளே, நான் உண்மை தெரிஞ்சுக்க வந்திருக்கிறேன்.”

“அப்ப எனக்குத் தெரிஞ்ச உண்மைய சொல்றேன் கேளு. கொழும்புலர்ந்து காயிதம் வந்த அன்னிக்கு எங்க டேனரி மொதலாளி சாயபு முற்றத்துல எல்லாரையும் நிக்க வச்சு, என் கையிலர்ந்து முத்திரைக் கட்டைய வாங்கிட்டாரு. என்னை சுண்ணாம்புக் குழில எறக்கி வுட்டாரு. நீ வந்து ஆமான்னு சொல்லிட்டா சனிக்கிழமயோட சீட்டு கிழிஞ்சுது. இந்தாண்ட வாணியம்பாடி, அந்தாண்ட ராணிப்பேட்டை, எந்த டேனரிலயும் ஒருத்தனும் சேத்துக்க மாட்டான். தோல் திருடன்னு பேராயிட்டா, செத்தாலும் போவாது.”

அத்தை குழம்புச் சட்டியைக் கழுவிக்கொண்டே இருந்தாள், சுத்தமான பிறகும்.

மறுநாள் டேனரிக்குப் போனேன். நீங்கள் போடுகிற சப்பாத்து எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தோலை முதலில் சுண்ணாம்புத் தண்ணீர்க் குழியில் ஊறப் போடுகிறார்கள். மயிர் இளகின பிறகு மரத்தின்மேல் போட்டுக் கத்தியால் வழிக்கிறார்கள். கழுவுகிறார்கள், மறுபடி கழுவுகிறார்கள். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் கிடக்க வைத்து, கடுக்காயில் போட்டு, எண்ணெய் பூசி, காயவைத்து, மடித்துக் கட்டுகிறார்கள். குழியில் நிற்கிறவர்களின் விரல்களைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் சுண்ணாம்பு தின்றிருக்கிறது. இந்த விரல்களோடு சாதம் பிசைந்து பிள்ளைகளுக்கு ஊட்டுகிறார்கள். கொழும்பில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு ஒரு மனுஷர் இவர்களைக் கள்ளர் என்கிறார்!

எனக்கு மட்டும் நாற்காலி, ஏடு மிதக்கிற தேநீர். நான் கொழும்பு முதலாளியின் ஆள் அல்லவா? உங்கள் மாமா குழியில் முழங்காலளவு நின்றுகொண்டிருந்தார். அந்தத் தேநீரை அப்படியே வைத்துவிட்டேன்.

சாயபு வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். நான் கொண்டுபோன தோலை விரித்துக் காட்டினேன். அவருடைய குமாஸ்தா ஓர் எலுமிச்சம்பழத்தை நறுக்கி அந்தத் தூளின்மேல் பிழிந்தார். நுரைத்துக்கொண்டு பொங்கியது.

“பாத்தியா?” என்றார் சாயபு. “பழைய சுண்ணாம்பு. இந்த டேனரில சுண்ணாம்பு யார் கையிலயும் கெடைக்கும். கடைசியா தோல் யார் கைல இருந்துது? யாக்கோபு கைல. இதுக்கு மேல எனக்கு இன்னா சாட்சி வேணும்?”

“என்ன இருந்தாலும் சனிக்கிழமை வரைக்கும் பொறுங்கள்” என்றேன்.

“பொறுக்கறேன். ஆனா என் முத்திரை போட்ட கட்டு அது. என் பேரும்தான் நாறுது. அத்தயும் நெனச்சுக்கோ.”

அது நியாயம்தான். ஆனால் அவர் பேர் நாறினால் அவர் நாற்காலியில் உட்கார்ந்து வருத்தப்படலாம். மாமா குழியில் நின்றல்லவா வருத்தப்பட வேண்டியிருக்கிறது?

அடுத்த நாள் வேலூருக்குப் புறப்பட்டேன். அத்தையின் மகள், உங்கள் சாரா அக்கா, அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் தங்கிப் படிக்கிறாள். அத்தை அவளுக்கு முள்ளுக் கத்தரிக்காய்த் தொக்கு ஒரு தூக்குச் சட்டி நிறையக் கொடுத்தனுப்பினாள். மோட்டார் பஸ் ஏறினேன். பஸ் என்றா சொன்னேன்? பட்டை மூட்டை, கோழிக்கூடை, அதற்கு நடுவே மனிதர்கள். பாதி வழியில் வண்டி கொதித்து நின்றுவிட்டது. பாலாற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். மணலில் ஊற்று தோண்டி டிரைவர் தண்ணீர் மொண்டு வரும்வரை வெயிலில் நின்றோம். நம் களனி ஆற்றை நினைத்துக்கொண்டேன். ஒரு கிழவர் என் சப்பாத்தை மிதித்துவிட்டு, “மன்னிச்சுக்க தொரை” என்றார். தொரை! எனக்கு வந்த ஆத்திரத்தைச் சட்டியோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன்.

சாராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. “எங்க எஸ்தர் டீச்சர்கிட்ட பெருசாக்கிக் காட்ற கண்ணாடி இருக்குது மாமா. தூளு இருக்குதா?” என்று கேட்டாள். பொட்டலம் சட்டைப் பையில் இருந்தது.

எஸ்தர் டீச்சர் மதராஸ் காலேஜில் பிராணி நூல் படித்தவர். பேச்சு கத்தரிக்கோல் மாதிரி இருக்கும். பூட்டின அலமாரியிலிருந்து கருவியை எடுத்து, வெளிச்சத்துக்காக வராந்தாவில் வைத்தார். “தூள அப்படியே வச்சா ஒண்ணும் தெரியாது. தண்ணில கலக்கி, பால் மாதிரி வர்றத ஊத்திடணும். அடியில நிக்குற பொடிதான் நமக்கு வேணும்” என்று சொல்லிக்கொண்டே அலசினார். ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் வைத்து, கீழே இருந்த சின்ன ஆடியைத் திருப்பி வெயிலைப் பிடித்தார். குனிந்து பார்த்தார். நிமிரவேயில்லை. பிறகு, “அட, நீங்களா!” என்றார். என்னைப் பார்த்து அல்ல, அந்தத் தூளைப் பார்த்து.

என்னைக் குனியச் சொன்னார். முதலில் பனைமரங்கள் தெரிந்தன. “பனைமரம் இருக்கிறதே” என்றேன். “அது உங்க கண் மயிரு ஐயா. இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க” என்றார். சாரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்புறம் தெரிந்தது. பிள்ளைகளே, எப்படிச் சொல்வேன்! உருண்டை உருண்டையாகச் சின்னஞ்சிறு ஓடுகள். சில நாலைந்து உருண்டைகள் ஒட்டின பொரி உருண்டை மாதிரி. சில நத்தை மாதிரி சுருண்டவை. சில ரெபேக்காவின் சடையைப் போல இடமும் வலமுமாகப் பின்னிக்கொண்டு நுனியில் கூராக முடிந்தவை. ஓட்டின் மேலெல்லாம் அம்மா சுடுகிற ஆப்பத்தில் இருப்பது போலத் துளைகள். இதெல்லாம் என் சட்டைப் பையில் கிடந்த தூளுக்குள்!

டீச்சர் சொன்னார்: “இதுக்கு ஃபொராமினிஃபெரான்னு பேரு. கடல்ல இருக்கற உயிரு. கண் இல்ல, வாய் இல்ல, கை கால் இல்ல. உடம்பே ஒரு சொட்டுதான். ஆனா கடல் தண்ணில கரைஞ்சிருக்கற சுண்ணாம்ப எடுத்து தனக்கு ஒரு வீடு கட்டிக்கும். உடம்பு வளர்ந்தா இன்னொரு அறை, அப்புறம் இன்னொரு அறை. துளை வழியா நூல் மாதிரி நீட்டி இரை புடிக்கும். செத்தா ஓடு அடியில எறங்கிடும். மழை மாதிரி எறங்கிட்டே இருக்கும். மனுஷன் பொறக்கறதுக்கு ரொம்ப ரொம்ப முன்னாடிலர்ந்து.”

“அப்படியானால் இது சிப்பியா? எங்கள் டேனரிச் சுண்ணாம்பு இல்லையா?”

“சிப்பி மாதிரி ஓடுதான், ஆனா...”

எனக்கு அது போதும். ஆம்பூர்க் குழிகளுக்குப் போடுவது வயலில் தோண்டியெடுக்கிற சுக்கான் கல்லைச் சுட்ட சுண்ணாம்பு. சிப்பிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? டீச்சர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி பஸ் போய்விடும் என்று நான் ஓடினேன். ஓடியது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று ஆம்பூரில் தெரிந்தது.

“தூளில் இருப்பது சிப்பி!” என்று நான் மூச்சு வாங்கச் சொன்னதும் சாயபு முகம் மாறியது. குமாஸ்தா மெதுவாகச் சொன்னார்: “போன மழைக்கு சுக்கான் சுண்ணாம்பு கெடைக்காம, யாக்கோபு பழவேற்காட்டுலர்ந்து கிளிஞ்சல் சுண்ணாம்பு வரவழைச்சான். ஒரு வண்டி. மிச்சம் இன்னும் கிடக்குது.”

வெற்றிலை போடுகிற ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், சிப்பி என்றால் கிளிஞ்சல், கிளிஞ்சல் என்றால் சுண்ணாம்பு. அந்த முற்றத்தில் நின்ற ஒருவருக்கும் வேறு நினைப்பு வரவில்லை. எனக்கும் வரவில்லை.

“அப்ப சரியாப் போச்சு” என்றார் சாயபு. “யாரு சுண்ணாம்புன்னும் தெரிஞ்சுபோச்சு.”

குழியிலிருந்து மாமா என்னைப் பார்த்தார். “நல்லா தொணைக்கு வந்த மச்சான்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். என் தங்கை முகத்தில் எப்படி விழிப்பது? எனக்கு என் மேலேயே வந்த கோபத்தை எழுத்தில் எழுத முடியாது.

“சாயபு, நாளைக்கு நீங்களே வந்து அந்த டீச்சரைக் கேளுங்கள்” என்றேன். அவர் மோட்டார் வைத்திருக்கிறார். பிடிவாதமாகக் கேட்டதால் சம்மதித்தார். மறுநாள் மோட்டாரில் எனக்கு முன்சீட்டு. மாமாவுக்கு இடம் இல்லை. இடம் இருந்தது, கூப்பிடத்தான் ஆள் இல்லை. கட்டுகளுக்கு முத்திரை வைக்கிற வரைக்கும் அவர் மேஸ்திரி, பழி வந்த அன்றைக்கு மோட்டாரின் மெத்தை அழுக்காகிவிடுமாம். அவர் பட்டை மூட்டைகளுக்கு நடுவே பஸ்ஸில் வந்து சேர்ந்தார்.

நடந்ததைக் கேட்டதும் டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார். “முழுசாக் கேக்காம ஓடினா இதுதான் நடக்கும். பாதி மருந்து குடிச்சுட்டு வைத்தியரத் திட்றது மாதிரி!” பிறகு சாயபுவைப் பார்த்து, “ஐயா, உங்ககிட்ட வெத்தலப் பெட்டி இருக்குதா?” என்று கேட்டார்.

“இருக்குதும்மா.”

“அதுல இருக்கறது கிளிஞ்சல் சுண்ணாம்புதானே?”

“வேற போட்டா நாக்கு வெந்துடாதா?”

அந்தப் பெட்டியிலிருந்தே ஒரு விரல்நுனி எடுத்து, அதே மாதிரி அலசி, கண்ணாடியில் வைத்து சாயபுவைக் குனியச் சொன்னார். சாயபு ரொம்ப நேரம் பார்த்தார். “ஒண்ணும் இல்லியேம்மா. புழுதிதான் இருக்குது.”

“இருக்காதுங்க. கிளிஞ்சல சூளைல போட்டு சுட்டாத்தான் சுண்ணாம்பு. தீயில வெந்து, தண்ணில வெடிச்சு, நீறாப் போயிடும். உருவம் எங்க நிக்கும்? உங்க கல்லு சுண்ணாம்பும் அப்படித்தான். இப்ப இத்த பாருங்க.” தோலிலிருந்து எடுத்த தூளை வைத்தார். சாயபு பார்த்தார். “யா அல்லா” என்றார்.

“ஒரு உருண்டை கெடாம, ஒரு சடை அவுழாம அப்படியே இருக்குதா? இது தீயையே பாக்காத தூளு. பூமியில தோண்டி, அரைச்சு, அப்படியே மூட்டை கட்டினது.”

“எலுமிச்சம்பழம் புழிஞ்சா பொங்குச்சே?”

“முட்டை ஓட்டு மேல புழிஞ்சாலும் பொங்கும். முட்டையும் யாக்கோபு இட்டதுன்னு சொல்வீங்களா?”

மாமா தூண் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்குத்தான் முதல் தடவை அவர் உதடு அசைந்ததைப் பார்த்தேன்.

“இது இங்க எங்க கெடைக்கும்?” என்று கேட்டார் சாயபு.

“இந்தப் பக்கம் கெடைக்காது. நம்ம மலையெல்லாம் கருங்கல்லு. கடலுக்கு அடியில படிஞ்ச ஓடெல்லாம் மேல கெளம்பி, வெள்ளை மலையா நிக்கறது சீமையில. அங்க அரைச்சு பீப்பாய்ல கட்டி, கப்பல் போற ஊருக்கெல்லாம் அனுப்பறாங்க. சன்னல் கண்ணாடிக்கு மக்கு பூச, வெள்ளிப் பாத்திரம் வெளக்க, அப்புறம் டென்னிஸ் ஆடற தொரைமாருங்க சப்பாத்துக்கு...”

டீச்சர் நிறுத்திவிட்டார். எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

ரெபேக்கா, நீ குழைத்துப் பூசிய அந்தத் தூள் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். நம் கிட்டங்கியில், உள்ளறைத் தராசுக்குப் பக்கத்தில் நிற்கிற பீப்பாயிலிருந்து வந்தது. மழைக்காலத்தில் தோல் பூசணம் பிடிக்காமல் இருக்கத் தூவுகிற தூள் என்று முதலாளி சொல்லியிருந்தார். “பிள்ளைகளுக்கும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போ” என்று தாராளமாக ஒரு டப்பாவில் அள்ளிக் கொடுத்ததும் அவர்தான்.

டீச்சர் ஒரு பேனாக்கத்தியால் என் இடது சப்பாத்தைச் சுரண்டினார். அலசினார். வைத்தார். குனிந்து பார்த்தார். “அதே உருண்டை, அதே சடை” என்றார். “இதே பீப்பாய்தான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆம்பூர் சுண்ணாம்பு இல்லன்னு எந்தக் கோர்ட்டு கச்சேரில வேணா வந்து சொல்வேன்.”

நான் தரம் பிரித்துக் கொடுக்கிற தோல் உள்ளறைக்குப் போகும். அங்கே தூளைத் தூவி, தட்டி, அப்புறம் எடை போடுவார்கள். உள்ளே முதலாளியும் அவர் மருமகனும் மட்டும்தான் போவார்கள். பூசணத்துக்காகத் தூவுவதென்றால் எடை போட்ட பிறகு தூவலாமே? எடைக்கு முன்னால் ஏன்? அந்த வராந்தாவில்தான் எனக்கு இது உறைத்தது. அங்கேயே எல்லோரிடமும் சொன்னேன். முதலாளி தானே தேய்த்துவிட்டு, கடைக்காரன் பிடித்துக்கொண்டதும், கடலுக்கு அந்தப் பக்கம் குழியில் நிற்கிறவன் தலையில் போட்டிருக்கிறார். அதற்குத் துணையாக என்னை வேறு அனுப்பியிருக்கிறார். கள்ளனைப் பிடிக்கக் கள்ளனே ஆள் அனுப்புகிற அதிசயத்தை நீங்கள் கேள்விப்பட்டதுண்டா?

வெளியே வந்ததும் சாயபு தன் கையாலேயே மோட்டார்க் கதவைத் திறந்தார். “ஏறு யாக்கோபு.”

“பஸ்ஸுக்கு சீட்டு வாங்கிட்டேன் சாயபு” என்றார் மாமா. “முற்றத்துல சொன்னீங்க. முற்றத்துலயே சொல்லிடுங்க.” பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்துவிட்டார். நானும் அவரோடு பஸ்ஸில்தான் திரும்பினேன். வழியில் ஒரு கடையில் மாமா இரண்டு மக்கன் பேடா வாங்கி, ஒன்றை என் கையில் வைத்தார். நெய் சொட்டியது. அதுதான் எங்களுக்குள் சமாதானம்.

சனிக்கிழமை சாயபு எல்லோரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டார். அதைச் செய்தார், அந்தப் பெருமையை நான் குறைக்க மாட்டேன். “யாக்கோபு மேல குத்தம் இல்ல. தூளு நம்மளுது இல்ல” என்று சொல்லி முத்திரைக் கட்டையைத் திரும்பக் கொடுத்தார். பட்டைக்காரப் பெண்கள் குலவையிட்டார்கள். ஒருத்தி, “சாயபு, இத்தினி நாளு சுண்ணாம்புல நின்ன காலுக்கு இன்னா தர்றீங்க?” என்று கூட்டத்துக்குள்ளிருந்து கேட்டாள். சாயபு காதில் விழாதது போல நகர்ந்துவிட்டார்.

பிறகு சாயபு என்னைத் தனியாக அழைத்தார். “தம்பி, உன் கொழும்பு தொரைகிட்ட சரக்கு மழையில நனைஞ்சுதுன்னு சொல்லிடு. யாவாரம் பேஜாராயிடும். உனக்கும் வேலை நிக்கும், எனக்கும் யாவாரம் நிக்கும், யாக்கோபுக்கும் முத்திரை கெடைச்சிடுச்சு. யாருக்கு இன்னா நஷ்டம்?”

நான் திரும்பிப் பார்த்தேன். மாமா முத்திரைக் கட்டையை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆம்பூர் முற்றத்தில் அவர் திருடன் இல்லை. அரக்கோணத்தில்? ரயில் பெட்டியில்? கொழும்பில் அந்தக் கடைக்காரரிடம்? மழையில் நனைந்தது என்று நான் சொன்னால், அங்கேயெல்லாம் அவர் கடைசிவரை திருட்டுப் பயல்தான். அதைச் சாயபுவிடம் சொன்னேன். அவர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார், சுண்ணாம்பைப் பார்த்தார், மூடிவிட்டார்.

“நீ சொல்றதுன்னா சொல்லு. நான் குறுக்கால வரமாட்டேன்” என்றார். அவ்வளவாவது சொன்னாரே.

கிளம்பும்போது அத்தை என் சப்பாத்தைக் கழுவ எடுத்தாள். நான் கொடுக்கவில்லை. ரெபேக்கா, அழுக்காக்காமல் கொண்டுவரச் சொன்னாய். வலது கால் நீ கொடுத்தபடி வெள்ளையாக, கிழவர் மிதித்த அடையாளத்தோடு இருக்கிறது. இடது கால் சுரண்டிப் பழுப்பாகிவிட்டது. இங்கே கொட்டகையில் எல்லோரும் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இங்கிருந்து விட்டதும் நான் முதலில் வீட்டுக்கு வரமாட்டேன். இதே சப்பாத்தோடு கிட்டங்கிக்குப் போவேன். அந்தக் கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு போவேன். பீப்பாய்க்கு முன்னால் நின்று, நான் பார்த்ததையெல்லாம் உங்கள் மாமாவின் பேரைச் சொல்லியே சொல்வேன். அதற்குப் பிறகு எனக்கு அங்கே வேலை இருக்காது. இப்போதே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், அரிசியைப் பார்த்துப் போடட்டும். தரம் பிரிக்கத் தெரிந்தவனுக்கு வேறு இடம் கிடைக்கும். கிடைக்காவிட்டால் ஆம்பூர் இருக்கிறது, களி எனக்கு இறங்குகிறது.

என் வாய்ச் சொல்லை முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார். பீப்பாயையும் இதற்குள் மாற்றி வைத்திருக்கலாம். அதனால் ஒன்று செய், ரெபேக்கா. அவர் தன் கையால் அள்ளிக் கொடுத்த அந்த டப்பாவில் மீதித் தூள் இருக்கிறதல்லவா? அதைத் தொடாதே, தானியேலைத் தொட விடாதே, நன்றாக மூடி அலமாரியின் மேல்தட்டில் வை. அதற்குள் நம் சாட்சிகள் இருக்கிறார்கள்.